ஒருமனம் வராத ஞாயிறு

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் என்னோடு பள்ளிக்கூடம் போய், இப்போது என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர்களே, உங்களில் அரைவாசிப் பேர் முருகன் கோயிலுக்குப் போனீர்கள். மிச்சப் பேர் பூசைக்குப் போனீர்கள். உங்களுக்குத் தேர் இருந்தது, புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது? கதிரை இருந்தது. இருபத்திரண்டு மடக்குக் கதிரைகள், வட்டமாக. அதில் அசையாமல் குந்தியிருப்பதுதான் எங்கள் சமயம் என்று ஒன்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணியில்லாச் சபை" என்று எங்களைப் பகிடி பண்ணுவீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது அழுகை அழுகையாக வரும். இப்போது கேட்டால், சரியாகத்தான் பெயர் வைத்தீர்கள் என்பேன். எங்கள் நண்பர் சபையில் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் இல்லை. அப்பமும் இல்லை, திராட்சைரசமும் இல்லை. உள்ளே நடக்கவேண்டியதை வெளியே நடத்திக் காட்டத் தேவையில்லை என்பது போதகரின் பேச்சு. மற்றப்படி இயேசு இரட்சகர், வேதம் சத்தியம், மனந்திரும்பு என்று எல்லா அல்லேலூயாச் சபையையும் போலத்தான். கஞ்சிரா தட்டி அரைமணி நேரம் உரக்கப் பாடுவோம். பிறகு யாரோ கழுத்தைத் திருகியது போலப் பாட்டு நிற்கும். அதற்குமேல் முக்கால் மணி நேரம் மௌனம். ஆவியானவர் ஏவினால் மட்டும் பேசலாம்.

அகதி விடுதியில் கம்பளி கொடுக்க வந்த ஓர் அமெரிக்கத் தம்பதி தொடக்கிவைத்த சபை இது. அவர்கள் திரும்பிப் போகும்போது, யாழ்ப்பாணத்தில் கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் போதகராக்கிவிட்டுப் போனார்கள். கூடவே ஒரு சுவர்க்கடிகாரமும் விட்டுப் போனார்கள். அதன் டிக் டிக் மௌனத்தைக் கெடுக்கிறது என்று சபை எழுத்தர் பற்றரியைக் கழற்றிவிட்டார். அதன்பிறகு எங்கள் சபையில் எப்போதும் பதினொன்று பத்து. ஓடாத கடிகாரத்தை ஏன் சுவரில் வைத்திருக்க வேண்டும்? கழற்றுவதற்கு ஒருமனம் வரவில்லை. சிரிக்காதீர்கள், உண்மை. அதைப்பற்றி இரண்டு கூட்டம் நடந்தது.

ஒருமனம் என்பதைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். எங்கள் சபையில் கை உயர்த்தி வாக்கெடுப்பது கிடையாது. ஒரு காரியம் வந்தால் எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருப்பார்கள். சம்மதமானவர் "எனக்குப் பாரமில்லை" என்பார். ஒவ்வொருவராகச் சொல்லி வட்டம் முடிந்தால் காரியம் முடிந்தது. ஒரே ஓர் ஆள் சொல்லாமல் இருந்துவிட்டால் அவருக்குப் பாரம் இருக்கிறது என்று அர்த்தம். என்ன பாரம் என்று கேட்கக்கூடாது. நெருக்கக்கூடாது. அது ஆவியானவரை நெருக்குவதாகிவிடும். அந்த ஆளுக்கு முழுதாக ஒரு மாதம் விடவேண்டும். இந்தச் சட்டங்களையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர் சபை எழுத்தர். ஊரில் உபதபாலதிபராக இருந்தவர், முத்திரை ஒட்டாத கடிதத்தைப் பார்ப்பது போலவே எங்களையும் பார்ப்பார்.

நாங்கள் கூடுகிற அறைக்குக் கீழே கம்பளக் கடை. அந்தக் கடையின் பசை மணமும், மூலையில் மூடிவைத்த கத்தரிக்காய்க் குழம்பின் மணமும், ஈரக் கோட்டுகளின் மணமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எங்கேயாவது புதுக் கம்பளம் விரித்திருந்தால் எனக்குப் பசிக்கிறது.

நான் சொல்ல வந்தது பேர்லின் சுவர் இடிந்து சில வருடம் கழிந்த ஒரு மாரிக்காலம். அக்காவுக்குப் பதினேழு வயது. தாதியாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கனவே இல்லை. ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு, அதுதான் அவுஸ்பில்டுங்குக்கு, இடமும் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா கந்தோர்களில் துப்புரவு வேலை, அப்பா பாண் பேக்கரியில் இரவு வேலை. அவர்கள் கையில் கழிவுநீரும் மாவும்தான் இருந்தது. அக்கா ஒருத்தி வெள்ளை உடுப்புப் போடப்போகிறாள் என்பது வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. அவள் முன்கூட்டியே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கிவிட்டாள். குசினியில் அதைப் போட்டுக்கொண்டு கீச்சுக் கீச்சென்று நடந்து பழகுவாள். புது றப்பர் மணம் வீடெல்லாம் அடிக்கும்.

ஒரு கடதாசி மட்டும் குறைந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ். அந்தக் காலத்தில் அப்படியான ஆஸ்பத்திரிகள் அதைக் கேட்பதுண்டு. நாங்கள் எங்கே போவோம்? ஆனால் பயிற்சிப் பள்ளித் தலைவி நல்ல மனுசி. "உங்கள் சபை இவளை ஞானஸ்நானம் பெற்றவளாகக் கருதுகிறது என்று ஒரு கடிதம் தரட்டும், போதும். மாத முடிவுக்குள் வேண்டும்" என்றார். ஒரு வசனம். ஒரே ஒரு வசனம்தான் வேண்டும்.

அம்மாவிடம் இதைவிடச் சுருக்கமான வழி இருந்தது.

"ஏனடி இந்தக் கரைச்சல்? மூலையிலை இருக்கிற ஜெர்மன் கோயிலிலை போய் ரண்டு சொட்டுத் தண்ணியைத் தெளிப்பிச்சுக்கொண்டு வா. கரைஞ்சே போவாய்?"

"நம்பாததைச் செய்து பேப்பர் எடுக்கச் சொல்லுறியளோ அம்மா? பிறகு நோயாளியளுக்கு என்ன உண்மையைச் சொல்லப் போறன்?"

"நோயாளிக்கு ஊசியைப் போட்டாக் காணும். உண்மையை ஆர் கேட்டது?"

அக்கா அசையவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சபையை முழுமனதாக நம்பியவள் அவள் ஒருத்திதான் என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் இத்தனை வில்லங்கமும்.

போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து கூட்டம் வைத்தார். முதல் ஞாயிறு, தண்ணீர் கொடுக்காமல் கொடுத்த மாதிரி எழுதினால் அது பொய்யாகாதா என்று கடைக்கார மாமா ஒருவர் கேட்டுவிட்டார். போச்சு. சாப்பாடு ஆறிப்போகும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஞாயிறு முழுக்க "கருதுகிறோம்" என்ற ஒரு சொல்லிலேயே போயிற்று. கருதுவது என்றால் சந்தேகம் இருக்கிறதா? "அறிகிறோம்" என்று போடலாமா? அறிவது கர்த்தர் அல்லவா? எனக்கு மட்டும் அன்றைக்கு வயது வந்திருந்தால் அந்த இருபத்திரண்டு கதிரைகளையும் மடக்கி அவர்கள் தலையில் வைத்திருப்பேன். பிள்ளையின் வாழ்க்கை வாசலில் நிற்கிறது, இவர்கள் வினைச்சொல் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டாம் ஞாயிறு அப்பா சொன்னார்: "இது என்ரை பிள்ளையின்ரை விசயம். எல்லாரும் சொல்லி முடியட்டும். நான் கடைசியாச் சொல்லுறன்." நல்ல மனுசன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அதே நாள் நான் ஒரு குற்றம் செய்தேன். மௌனத்தின் நடுவில் பையிலிருந்த ரொபியை உரித்தேன். அந்தக் கடதாசி சரசரத்தது இருக்கிறதே, பேர்லின் முழுக்கக் கேட்டிருக்கும். எழுத்தர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அம்மா தொடையில் கிள்ளினா. வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா என்னை நிறுத்திவைத்து, தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வாற கிழமை நீ அசையக்கூடாது. என்ன நடந்தாலும் அசையக்கூடாது. விளங்குதோ? இது என்ரை வாழ்க்கை."

"ஓம் அக்கா" என்றேன்.

மூன்றாம் ஞாயிறு. அப்பா இரவெல்லாம் பாண் சுட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அப்படியே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர். காதுமடலில் மாவு இருந்தது. நான் அவருக்கு இடப்பக்கம். வலப்பக்கம் பாட்டு நடத்துகிற அன்ரி. அக்கா வட்டத்தின் மறுபக்கம், எங்களுக்கு நேர் எதிரே, அம்மாவுக்குப் பக்கத்தில்.

போதகர் புது வசனத்தை வாசித்தார். "இந்தச் சகோதரி ஆவியினால் ஞானஸ்நானம் பெற்றவர் என்று இந்தச் சபை சாட்சி சொல்கிறது." சாட்சி சொல்வது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். முதலில் "எனக்குப் பாரமில்லை" என்றவர் அந்தக் கடைக்கார மாமாதான். பிறகு மழை பிடித்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அம்மா, அன்ரி, போதகர், எழுத்தர். மிச்சம் அப்பா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. அப்பா தூங்கும்போது நெற்றியைச் சுருக்குவார், பெரிய கணக்குப் போடுகிறவர் மாதிரி. கீழுதடு மெல்லத் துடித்தது. முழங்காலில் இருந்த கை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, கதிரைக்கும் என் தொடைக்கும் நடுவில் வந்து விழுந்தது. பாரமான கை. பாண் மணம். எனக்குத் தெரிந்தது. வீட்டில் சோபாவில் தினமும் பார்க்கிற காட்சிதானே.

எழுப்ப வேண்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அக்கா. அத்தனை பேரும் கண்ணை மூடியிருக்க, அவள் கண் இரண்டும் திறந்து, என்னையே முறைத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய கண்ணை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அசையாதே என்றாளே. நான் அசையவில்லை. மூச்சுக்கூட மெதுவாக விட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் பதினொன்று பத்து. கடைசியில் எழுத்தர் கண்ணைத் திறந்து, அப்பாவின் குனிந்த தலையையும் சுருங்கிய நெற்றியையும் பார்த்து, பெருமூச்சு விட்டு, பேனையை எடுத்தார். எழுதியதை உடனே வாசித்தார். அதுவும் சட்டம்தான். "ஒரு சகோதரருக்குப் பாரம் இருக்கிறது. ஒரு மாதம் காத்திருப்போம்." பக்கத்தில் இருந்தவரின் கையைக் குலுக்கினார். எங்கள் கூட்டம் கைகுலுக்கலோடுதான் முடியும், அது வட்டமாகச் சுற்றி வரும். அன்ரி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்க, அப்பா திடுக்கிட்டு விழித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்றார். காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அக்கா அதற்குள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

படிக்கட்டில்தான் அவருக்கு விசயம் தெரிந்தது. அன்ரி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்கலங்கிச் சொன்னா:

"சொந்தப் பிள்ளை எண்டும் பாராமல் ஆவியானவருக்குக் கீழ்ப்படிஞ்சியளே அண்ணை. எங்களிலை ஒருத்தருக்கும் அந்தத் தைரியம் வராது."

கடைக்கார மாமா தலையைக் குனிந்தபடி, "நான் அவசரப்பட்டிட்டன் அண்ணை. நீங்கள்தான் சரி" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவருடைய காதுமடலில் இருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வாயை மூடி, ஒருமுறை விழுங்கிவிட்டு, "ஓம்... ஆண்டவற்றை சித்தம்" என்றார்.

இதுதான் எனக்கு இன்றுவரை செமிக்காதது. தூங்கியதில் என்ன குற்றம்? இரவெல்லாம் வேலை செய்த மனுசன். "ஐயோ, கண்ணயர்ந்துபோனன்" என்று சொல்லியிருந்தால், எழுத்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் கதிரையில் குந்தியிருப்பார். வெட்கம் ஐந்து நிமிடம். அதை விடுங்கள். மறுநாள் போன் எடுத்து, "என்ரை பாரம் நீங்கிற்றுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஏன் தெரியுமா? இல்லாத பாரம் எப்படி நீங்கும், அது பொய்யல்லவா! என் அப்பாவை எனக்குத் தெரியும், இதுதான் அவர் மனதில் ஓடியிருக்கும். முதற் பொய்க்குத் தலையாட்டியாயிற்று, இரண்டாவது பொய்க்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. இப்படி ஒரு மனச்சாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

அம்மா அன்றைக்குக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

"உங்களுக்கு என்ன பாரம்? எனக்குச் சொல்லுங்கோ. பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியாத பாரம் உங்களுக்கென்ன?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மாதம் முடிந்தது. இடம் காத்திருந்த இன்னொரு பிள்ளைக்குப் போயிற்று. தலைவி அக்காவுக்குக் கையால் எழுதிய கடிதம் அனுப்பினார், மிகவும் வருந்துவதாக. அக்கா அம்மாவோடு துப்புரவு வேலைக்குப் போனாள். வெள்ளைச் சப்பாத்தை அவள் தொடவேயில்லை. கொஞ்ச நாள் அலுமாரியில் கிடந்தது, பிறகு அம்மா போட்டுக்கொண்டு வேலைக்குப் போனா. அடி பிய்யும்வரை போட்டா. அப்பா அந்தச் சப்பாத்து நடக்கும் சத்தம் கேட்டால் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார்.

சபை அவரை மூப்பராக்கியது. ஒருமனமாக.

அம்மா இந்த விசயம் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டா. மனுசன் வேதத்தைப் பெற்ற பிள்ளைக்கு மேலே வைத்துவிட்டார் என்ற கோபம் கடைசிவரை அவவுக்குப் போகவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதில் பயம். பத்தொன்பதில் இனி எதற்கு என்ற எண்ணம். முப்பத்தொன்பதில் நேரமில்லை. எனக்கு என்மேல் வருகிற எரிச்சலைச் சொல்லி முடியாது.

அக்கா பிறகு முதியோர் பராமரிப்புப் படித்தாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் பிள்ளை பெறுகிற வார்டில் நிற்க ஆசைப்பட்டவள், வாழ்நாளெல்லாம் சாகிறவர்கள் பக்கத்தில் நின்றாள். அப்பாவையும் கடைசிவரை அவள்தான் குளிப்பாட்டினாள், உடுப்பு மாற்றினாள். போன மாரியில் அப்பா போனார்.

எங்கள் சபையில் ஒருவர் இறந்தால் அவரைப்பற்றி ஒரு பத்தி எழுதிக் குறிப்பேட்டில் சேர்ப்பார்கள். அதற்கும் ஒருமனம் வேண்டும். அதே அறை. கதிரை பதினொன்றுதான் நிரம்பியது. சபையின் மற்றப் பிள்ளைகள் ஹனோவர், லண்டன் என்று போய்விட்டார்கள். கடிகாரத்தைக் காணவில்லை, யார் எப்போது கழற்றினார்கள் என்றும் தெரியவில்லை. இப்போது எழுத்தராக இருப்பவள் பழைய எழுத்தரின் மகள். பத்தியை வாசித்தாள். நல்ல தகப்பன், உழைப்பாளி, எல்லாம் சரி. கடைசியில், "சொந்த மகளின் காரியத்திலும் தன் மனச்சாட்சிக்கு மாறாகப் போகாதவர்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். "எனக்குப் பாரமில்லை" என்று ஒவ்வொன்றாக வந்தது. எண்பது வயது அன்ரி அழுதுகொண்டே சொன்னா. மிச்சம் நாங்கள் இரண்டு பேர். நானும் பாரமில்லை என்றே சொல்லிவிட்டுப் போவோம், செத்த மனுசன்தானே என்று வாயைத் திறக்கப் போனேன்.

"எனக்குப் பாரம் இருக்கு" என்றாள் அக்கா.

எழுத்தர் தலை நிமிர்ந்தாள். கேட்கக்கூடாது என்பதால் கேட்கவில்லை. அக்கா தானே சொன்னாள்:

"அண்டைக்கு அப்பா நித்திரை. கடைசி வசனத்தை எடுங்கோ."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? நான் பக்கத்திலை இருந்தனான்" என்றா அன்ரி.

"நீங்கள் கண்ணை மூடியிருந்தனீங்கள் அன்ரி. எல்லாரும்தான் மூடியிருந்தவை."

"ஓம்" என்றேன். "நான் மற்றப் பக்கத்திலை இருந்தனான். எனக்கும் தெரியும்."

அன்ரி வெகுநேரம் கைலேஞ்சியை மடித்துக்கொண்டிருந்தா. பிறகு, "அப்ப இவ்வளவு காலமும் ஒரு மனுசன்ரை நித்திரையைத்தானே சாட்சியாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றா. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். எழுத்தர் வசனத்தை வெட்டிவிட்டு, வேறு எழுதி வாசித்தாள். "மகளின் காரியம் வந்த அன்று சகோதரர் வேலைக் களைப்பில் தூங்கிவிட்டார். அவருக்குப் பாரம் இருக்கிறது என்று நாங்கள் முடிவு செய்தோம். ஒருவரும் அவரை எழுப்பிக் கேட்கவில்லை."

"எனக்குப் பாரமில்லை" என்றாள் அக்கா. நானும் சொன்னேன்.

திரும்பும்போது நிலக்கீழ் ரயிலில் அருகருகே இருந்தோம்.

"உனக்குத் தெரியும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"அப்பாவின்ரை முகத்தையும் என்ரை முகத்தையும் மாறி மாறிப் பாத்தனி. எனக்கு எழும்பி வர ஏலாது, என்ரை காரியத்துக்கு நானே அவரை எழுப்பினமாதிரிப் போகும். நீ பக்கத்திலை. முழங்கையாலை ஒருக்கா இடி, ஒருக்கா இடி எண்டு கண் பிதுங்கப் பிதுங்கச் சொன்னன்."

அந்தப் பெரிய கண்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அசையாதை எண்டு வெருட்டுறாய் எண்டெல்லோ நினைச்சன். நீதானே அக்கா, என்ன நடந்தாலும் அசையாதை எண்டனி."

அக்கா என்னைப் பார்த்தாள். நரைத்த தலையும் பெரிய கண்ணுமாக, நெடுநேரம் பார்த்தாள்.

"விசரி" என்றாள். "ஒரு நாளும் நான் சொன்னதைக் கேட்டதில்லை நீ. அண்டைக்கு மட்டும்..."

அவள் முடிக்கவில்லை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஹெர்மன்பிளாட்ஸில் இறங்கவேண்டிய நாங்கள் இரண்டு பேரும் இறங்க மறந்து, அசையாமல் இருந்தோம்.